பந்தைக் கையில் பிடித்தவர்

“ஷூ எதுக்கு டீச்சர்? நான் கரண்டு கம்பத்துலயே வெறுங்காலோட ஏறி எறங்குனவன்.”

கொம்பையா மைதானத்துக்கு வந்த முதல் நாள் இப்படித்தான் தொடங்கினார்.

ஜெபராணி டீச்சர் அவருடைய கால்களைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

“சர்க்கரை இருக்கா அண்ணாச்சி?”

“லேசா இருக்கு. அதுக்குத்தான டாக்டரு ஏதாவது ஓடியாடச் சொன்னாரு.”

“காலுல முள்ளு குத்துனா தெரியுதா?”

கொம்பையா யோசித்தார். போன வாரம் குதிகாலில் ஏறிய முள்ளை அவருடைய மனைவி பொன்னுத்தாய்தான் பார்த்துச் சொன்னாள். அவருக்குத் தெரியவில்லை.

“ஷூ எந்தக் கடையில நல்லா இருக்கும் டீச்சர்?” என்று கேட்டார்.

அப்படித்தான் அவர் சீடரானார்.

*

பணகுடியில் நூலகத்துக்குப் பின்னால் ஒரு செம்மண் மைதானம். நடுவில் ஒரு வலை. ஜெபராணி டீச்சர் காலையிலும் மாலையிலும் அங்கே பூப்பந்து சொல்லிக்கொடுப்பார். பகலில் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. ஒரு காலத்தில் மாவட்ட அணியில் ஆடியவர். மகள் பிறந்த பிறகு போட்டிகளுக்குப் போகவில்லை.

கொம்பையா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அப்பா வயது. ஆனால் மைதானத்துக்குள் கால் வைத்தால் அவர்தான் சீடர், இவர்தான் குரு. அதில் இரண்டு பேருக்கும் குழப்பம் இல்லை.

குழப்பம் வேறொன்றில் இருந்தது.

டீச்சர் எதைச் சொன்னாலும் மற்றவர்கள் “சரி டீச்சர்” என்பார்கள். கொம்பையா “எதுக்கு டீச்சர்?” என்பார்.

“கேக்கக் கூடாதா?” என்று ஒரு முறை கேட்டார்.

“கேளுங்க. ஓடிக்கிட்டே கேளுங்க” என்றார் டீச்சர்.

*

ஆடி மாதம் வந்தது. கணவாய் வழியாகக் காற்று இறங்கியது. ஊரைச் சுற்றி நிற்கிற காற்றாலைகள் எல்லாம் ஒரே திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுற்றின.

பூப்பந்து என்பது மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த சின்னப் பந்து. காற்றுக்கு அது சொந்தக்காரன் மாதிரி. கூப்பிட்டால் உடனே போய்விடும்.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு முருங்கை மரம். அதன் கீழே மரப் பலகை ஒன்று. ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் அதில்தான் உட்காருவார்கள்.

டீச்சர் வந்ததும் பலகையின் ஒரு முனையைத் தூக்கினார். “அண்ணாச்சி, அந்தப் பக்கம் பிடிங்க.”

கொம்பையா பிடித்தார். பலகையை நூலகச் சுவர் ஓரமாகக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

“எதுக்கு டீச்சர்?”

“முருங்கக் கிளை சட்டுன்னு ஒடியும்.”

பிறகு டீச்சர் வலைக் கம்பங்களை ஆட்டிப் பார்த்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தார். மண் பறந்து கண்ணில் விழத் தொடங்கியதும், “இன்னைக்குப் பந்து வேண்டாம். மைதானத்தச் சுத்தி நடங்க” என்றார்.

நடந்தார்கள். நாள் முழுவதும் காற்று அடித்தது. அடுத்த நாளும் அடித்தது. ஆடி முழுவதும் அடித்தது.

கடைசியில் கொம்பையா முருங்கை மரத்தின் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“டீச்சர், ஒரு கிளைகூட விழலியே.”

“ஆமா அண்ணாச்சி.”

“பலகையத் தூக்கிப் போட்டது வீணாப் போச்சே.”

“ஆமா அண்ணாச்சி” என்றார் டீச்சர். “ரொம்ப சந்தோஷம்.”

*

ஐப்பசியில் ஒரு சாயங்காலம்.

கொம்பையா அன்றைக்குத்தான் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் நின்று வந்த பந்தையெல்லாம் திருப்பினார். எதிரில் செல்வின். டீச்சரிடம் பல வருடமாக ஆடுகிறவன், எல்லாரையும்விடக் கெட்டிக்காரன். அவனையே அன்றைக்கு ஓட வைத்தார்.

மலைப் பக்கம் ஒரு உறுமல் கேட்டது. கேட்டும் கேட்காததுமாக.

“எல்லாரும் உள்ள போங்க” என்றார் டீச்சர்.

செல்வின் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குள் ஓடினான். கூட ஆடுகிற பத்மாவும் மற்றவர்களும் அவன் பின்னால் ஓடினார்கள்.

கொம்பையா ஓடவில்லை.

“மழையே வரல. இடி எங்கனயோ இடிக்கு. இதுக்குப் போயி ஓடணுமா?”

“வாங்க அண்ணாச்சி.”

“இடியும் மின்னலுமா இருக்கையில கம்பத்துல நின்னவன் டீச்சர் நான். எனக்குக் கரண்டப் பத்தித் தெரியாதா?”

அவருக்கு உண்மையாகவே கோபம். வாழ்க்கையில் முதல் தடவையாகச் செல்வினைத் தோற்கடிக்கப் போகிற நேரம். மட்டையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவிலேயே நின்றார்.

நூலக வாசலுக்குப் போயிருந்த டீச்சர் திரும்பி வந்தார். அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

“நீங்க எதுக்கு நிக்கீங்க டீச்சர்?”

“நீங்க நிக்கீங்கல்ல.”

“நீங்க போங்க. பிள்ள வீட்டுல தேடும்.”

“உங்களையும் வீட்டுல தேடுவாங்க.”

மலை மேல் வானம் ஒரு தடவை வெள்ளையாகித் திரும்பக் கறுத்தது.

“அண்ணாச்சி, கம்பத்துல ஏறுறதுக்கு முன்னால என்ன செய்வீங்க?”

“ஆபீசுக்குச் சொல்லி லைன ஆஃப் பண்ணச் சொல்லுவேன். ஆஃப் பண்ணியாச்சின்னு சொன்ன பெறவுதான் கைய வைப்பேன்.”

டீச்சர் விரலை மேலே காட்டினார்.

“அங்க யாருகிட்ட சொல்லுவீங்க?”

கொம்பையா அண்ணாந்து பார்த்தார். கையில் இருந்த மட்டையைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். மைதானத்தின் நடுவில் நெட்டுக்குத்தலாக நின்றது இரண்டு வலைக் கம்பங்களும் அவர்கள் இரண்டு பேரும்தான்.

டீச்சரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

*

நூலகத்துக்குள் எல்லாரும் மழைக்கு ஒதுங்கிய கோழிகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள். மழை கொட்டித் தீர்த்தது. பிறகு விட்டது.

கொம்பையா சன்னல் வழியாகப் பார்த்தார்.

“மழை விட்டுட்டு. ஆடலாமா?”

“கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகட்டும்.”

அரை மணி நேரம் ஆனது. கொம்பையாதான் முதலில் எழுந்தார்.

“இப்ப?”

“போய்ப் பாருங்க” என்றார் டீச்சர்.

கொம்பையா மைதானத்துக்குள் இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில் செம்மண் வழுக்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். இடுப்பிலிருந்து கீழே எல்லாம் சேறு.

ஒருவரும் சிரிக்கவில்லை. டீச்சர் வந்து கை கொடுத்தார். தூக்கி நிறுத்தி, எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று முழங்கையையும் இடுப்பையும் கேட்டுக் கேட்டுப் பார்த்தார்.

அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு டீச்சர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

“நாளைக்குக் காயட்டும் அண்ணாச்சி.”

“இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்?”

“சொன்னா உக்காந்திருப்பீங்களா?”

*

பங்குனி வந்தது. வெயில் வந்தது.

தொப்பி இல்லாமல் யாரும் வரக்கூடாது என்று டீச்சர் சொன்னார். அடுத்த நாள் கொம்பையா வேலையில் இருந்தபோது போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“தலையில வெயிலு படல. போதுமா?”

பத்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீச்சர் ஹெல்மெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். அடுப்புப் பானை மாதிரி இருந்தது. மறுநாள் ஒரு வெள்ளைப் பருத்தித் தொப்பியைக் கொண்டுவந்து அவர் தலையில் வைத்தார்.

கொம்பையா அதற்கு எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அன்று சாயங்காலம் ஒரு தூக்குச் சட்டி நிறைய நுங்கு கொண்டுவந்து டீச்சரிடம் கொடுத்தார்.

வெயில் காலத்துக்கென்று டீச்சர் வேறு சில வழக்கங்களும் வைத்திருந்தார். காலை பத்து மணிக்கு மேல் யாரும் ஆடக்கூடாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும். சர்வீஸ் போடுகிறவர் ஒவ்வொரு தடவையும் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

“கத்துறது எதுக்கு டீச்சர்? எல்லாருக்கும்தான் தெரியுமே.”

“உங்க குரல் கேக்கணும் அண்ணாச்சி.”

“கேட்டு?”

“நல்ல குரல்.”

கொம்பையா பெருமையாகக் கத்தினார்.

ஒரு நாள் வெயில் ஏறுகிற நேரம். அவருடைய அணி முன்னிலையில் இருந்தது. அவர் ஸ்கோரைத் திருப்பிச் சொன்னார். தான் தோற்றுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

டீச்சர் ஆட்டத்தை நிறுத்தினார். அவரைச் சுவர் நிழலில் உட்கார வைத்தார். கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றினார். உப்புப் போட்ட மோரைக் கையில் கொடுத்தார்.

“கணக்குத் தப்புனதுக்குத் தண்டனையா டீச்சர்?”

“ஆமா. பூராவையும் குடிக்கணும்.”

குடித்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தலை தெளிந்தது. அதுவரை தலை தெளிவில்லாமல் இருந்தது என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

*

கோடை விடுமுறையில் பக்கத்து ஊரில் ஒரு போட்டி நடத்தினார்கள். கலப்பு இரட்டையர் ஆட்டம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சோடியாக ஆட வேண்டும்.

“நான் ஆடப் போறேன்” என்றார் டீச்சர்.

மைதானமே கைதட்டியது. மகள் பிறந்த பிறகு டீச்சர் ஆடப்போகிற முதல் போட்டி.

“கூட கொம்பையா அண்ணாச்சி ஆடுவாங்க.”

கைதட்டல் கொஞ்சம் தடுமாறியது. எல்லாரும் செல்வினைப் பார்த்தார்கள்.

“சரி டீச்சர்” என்றான் செல்வின்.

கொம்பையா வீட்டுக்குப் போய்ப் பொன்னுத்தாயிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. திரும்பச் சொன்னார். “அந்தப் பிள்ளைக்கு உங்க மேல எம்புட்டுப் பிரியம்” என்றாள் அவள்.

முதல் நாள் ஆட்டங்களில் எல்லாரும் ஆச்சரியப்படும்படி அவர்கள் ஜெயித்தார்கள். முன்னால் டீச்சர் நின்றார். வலைக்கு மேலே பந்து தலைகாட்டினால் போதும், கீழே விழுந்துவிடும். பின்னால் கொம்பையா நின்றார். உயரத்தில் வருகிற பந்து எதுவும் அவரைத் தாண்டவில்லை. கம்பத்தில் எட்டி எட்டிப் பழகிய கை.

இறுதி ஆட்டம் மறுநாள் காலை என்று சொன்னார்கள்.

*

மறுநாள் காலையில் எல்லாரும் தயார். ஆனால் ஆட்டத்தைத் தொடங்கி வைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் வரவில்லை. வருகிறார், வந்துகொண்டே இருக்கிறார் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வந்தார். பேசினார். சால்வை போட்டார்கள். போகும்போது சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் இருந்தது.

கொம்பையா டீச்சரிடம் போனார்.

“டீச்சர், பத்து மணிக்கு மேல ஆடக்கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க? சாயங்காலம் வச்சிக்கிடச் சொல்லுவோமா?”

டீச்சர் மட்டையின் நரம்புகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இன்னைக்கு ஒரு நாளுதான அண்ணாச்சி.”

கொம்பையா திகைத்தார். அது அவர் பேசுகிற பேச்சு. டீச்சர் வாயில் அதை அவர் கேட்டதே இல்லை.

ஆட்டம் தொடங்கியது.

டீச்சர் நன்றாக ஆடினார். முதல் நாளைவிட வேகமாக ஆடினார். வேகம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதோ என்று கொம்பையாவுக்குத் தோன்றியது. தண்ணீர் இடைவேளையில் பாட்டிலை நீட்டினார். டீச்சர் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இன்னும் குடிங்க டீச்சர்.”

“போதும்.”

பாட்டிலைத் திரும்ப வாங்கும்போது டீச்சரின் கையைக் கொம்பையா பார்த்தார். கை முழுவதும் மயிர்க்கூச்செறிந்து நின்றது. அந்த வெயிலில், குளிர் காலத்தில் நிற்கிறவர் மாதிரி. கொம்பையாவின் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக்கிடந்தது. டீச்சரின் நெற்றி காய்ந்திருந்தது.

திரும்ப இறங்கினார்கள். ஜெயிக்க இன்னும் சில புள்ளிகள்தான் வேண்டும். சர்வீஸ் டீச்சருக்கு வந்தது. வலப்பக்கம் நிற்க வேண்டியவர் இடப்பக்கம் போய் நின்றார்.

“மேடம், அந்தப் பக்கம்” என்றார் நடுவர்.

டீச்சர் நடுவரைப் பார்த்தார். அவர் யாரென்று தெரியாத மாதிரி பார்த்தார். பிறகு இடம் மாறினார்.

“ஸ்கோர் சொல்லுங்க டீச்சர்” என்றார் கொம்பையா.

“ம்?”

“ஸ்கோரு.”

டீச்சர் எதையோ சொன்னார். வார்த்தை குழறியது. எண் மாதிரியே இல்லை.

கொம்பையா ஓரத்தைப் பார்த்தார். அங்கே செல்வினும் பத்மாவும் மற்றவர்களும் நின்றிருந்தார்கள். கொம்பையா எல்லைக் கோட்டுக்கு ஓடினார்.

“ஏல செல்வின், டீச்சரப் பாத்தியா?”

“பாத்தேன் அண்ணாச்சி. என்னமோ போல இருக்காங்க.”

“நிறுத்துவோமா?”

செல்வினின் முகத்தில் பயம் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று தலையசைத்தான். “டீச்சருக்குத் தெரியாதா அண்ணாச்சி? ஆடணும்னு அவங்கதான சொல்லுதாங்க.”

“அண்ணாச்சி!” டீச்சர் கத்தினார். “ஒழுங்கா நின்னு ஆடுங்க!”

டீச்சர் அவரிடம் கத்தியதே இல்லை. சேற்றில் விழுந்தபோதும் கத்தவில்லை. மின்னலுக்கு அடியில் நின்றபோதும் கத்தவில்லை.

கொம்பையா தன் இடத்துக்குத் திரும்பி வந்தார்.

டீச்சர் சர்வீஸ் போட்டார். எதிரணி திருப்பியது. பந்து உயரமாக எழும்பிப் பின்வரிசைக்கு வந்தது. நேராகக் கொம்பையாவுக்கு. அவர் அடித்தால் அந்தப் புள்ளி அவர்களுக்குத்தான். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம்.

கொம்பையா மட்டையைக் கீழே போட்டார். பந்தைக் கையால் பிடித்தார். கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

விசில் சத்தம் கேட்டது.

“என்னய்யா இது?” என்றார் நடுவர்.

“நாங்க ஆடல.”

“ஆடலன்னா கோப்பை அவங்களுக்குப் போயிரும்.”

“குடுங்க.”

டீச்சர் அவரை நோக்கி வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“பந்தக் குடுங்க.”

“நிழலுக்கு வாங்க டீச்சர்.”

“பந்தக் குடுங்கன்னு சொல்லுதேன்! நான் சொல்லுதது கேக்கலயா?”

“கேக்கு. முதல்ல நிழலுக்கு வாங்க.”

“வெளிய போங்க! இனிமே என் மைதானத்துல கால் வைக்காதீங்க! என் கண்ணு முன்னால வராதீங்க!”

நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சரி டீச்சர். வரல. இப்ப வாங்க.”

கையைப் பிடித்தார். அடுப்பில் வைத்த சட்டி போலச் சுட்டது. டீச்சர் கையை உதறினார். உதறிய வேகத்திலேயே முழங்கால் மடிந்தது.

கீழே விழுமுன் கொம்பையா பிடித்துவிட்டார்.

*

பந்தல் நிழலில் கிடத்தினார்கள்.

“கார எடுங்கப்பா, ஆஸ்பத்திரிக்கு!” என்று யாரோ கத்தினார்கள்.

“கார் வரட்டும். அதுக்குள்ள தண்ணி கொண்டாங்க. குடம் குடமாக் கொண்டாங்க” என்றார் கொம்பையா.

தலையில் ஊற்றினார். கைகளில் ஊற்றினார். ஷூவைக் கழற்றிப் பாதங்களில் ஊற்றினார். எதிரணியில் ஆடிய பெண், தன் மட்டையை எறிந்துவிட்டு வாசலில் இருந்த சர்பத் கடைக்கு ஓடினாள். ஐஸ் கட்டிகளைத் துண்டில் கட்டிக் கொண்டுவந்தாள். அவளும் பத்மாவுமாக, அங்கிருந்த பெண்களிடம் ஒரு சேலையைத் திரையாகப் பிடிக்கச் சொல்லி, கழுத்திலும் அக்குளிலும் ஐஸை வைத்தார்கள். வாயில் எதையும் ஊற்றவில்லை. மயக்கத்தில் புரையேறிவிடும் என்று அந்தப் பெண் தடுத்துவிட்டாள்.

கொம்பையா திரைக்கு வெளியே நின்று ஒரு அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார். விசிறுகிற கை நிற்கவில்லை. கண்ணில் வடிந்ததையும் துடைக்கவில்லை.

கார் வந்தது. போகிற வழியெல்லாம் ஈரத் துணியை மாற்றிக்கொண்டே போனார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, “நேரத்தோட நிறுத்திட்டீங்க. இன்னும் கொஞ்ச நேரம் வெயில்ல நின்னிருந்தா நான் என்ன செய்திருப்பேன்னு எனக்கே தெரியாது” என்றார்.

டீச்சரின் கணவர் ஆல்பர்ட் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“ரெண்டு நாளாக் காய்ச்சல் அண்ணாச்சி. மாத்திரையப் போட்டுக்கிட்டு ஆடப் போனா. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. எத்தன வருசம் கழிச்சு ஆடுதா, எப்பிடித் தடுக்குறதுன்னு விட்டுட்டேன்.”

அவர் அழுதார். கொம்பையா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“கண்ணு முழிச்சிட்டாங்க. உள்ள வாங்க, பாக்கலாம்” என்றார் ஆல்பர்ட் பிறகு.

“நீங்க போங்க. நான் இங்கனயே நிக்குதேன்.”

கண் முன்னால் வரக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். கொம்பையா கதவுக்கு வெளியே நின்று, உள்ளே டீச்சர் மகளிடம் பேசுகிற குரலைக் கேட்டார். வார்த்தைகள் தெளிவாக இருந்தன. வீட்டுக்குப் போனார்.

*

அதன் பிறகு கொம்பையா மைதானத்துக்குப் போகவில்லை.

டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று செல்வின் சொன்னான். கஞ்சி குடிக்கிறார், நடக்கிறார் என்று பத்மா சொன்னாள். மறுபடியும் மைதானத்துக்கு வருகிறார், நாற்காலி போட்டு நிழலில் உட்கார்ந்து மட்டும் சொல்லிக்கொடுக்கிறார் என்றும் சொன்னார்கள்.

“நல்லா இருக்கட்டும்” என்பார் கொம்பையா.

காலையில் வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வரும். எழுந்து மட்டையைத் துடைப்பார். திரும்ப வைத்துவிடுவார்.

“போக வேண்டியதுதானே?” என்றாள் பொன்னுத்தாய்.

“வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

“அப்ப மட்டையை எதுக்குத் தெனமும் தொடைக்கீங்க?”

கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

ஒரு சாயங்காலம் வாசலில் ஆல்பர்ட்டின் வண்டி வந்து நின்றது. பின்னால் இருந்து டீச்சர் இறங்கினார். கொஞ்சம் மெலிந்திருந்தார். நேராக உள்ளே வந்து கொம்பையாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“ஏன் வரல?”

“நீங்கதான டீச்சர் வரக் கூடாதுன்னு சொன்னீங்க.”

“நானா? எப்ப?”

“அன்னைக்கு. கோர்ட்டுல வச்சு. கண்ணு முன்னாலயே வரக் கூடாதுன்னு.”

டீச்சர் நெற்றியைச் சுருக்கி நினைத்துப் பார்த்தார்.

“விருந்தாளி பேசுனது ஞாபகம் இருக்கு. தலையில தண்ணி விழுந்தது ஞாபகம் இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி.”

சொன்னவருடைய நினைவிலேயே இல்லாத ஒரு சொல்லைக் கொம்பையா மட்டும் இத்தனை நாள் சுமந்திருக்கிறார்.

“ரொம்பத் திட்டிட்டேனா?”

“சும்மா கொஞ்சம்.”

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கை சாதாரணமாக, இளஞ்சூடாக இருந்தது.

பொன்னுத்தாய் காபி கொண்டுவந்து வைத்தாள்.

“கோப்பை போயிருச்சே டீச்சர்” என்றார் கொம்பையா. “அதுதான் என் மனச அரிக்கி. நீங்க செல்வின்கூட ஆடியிருந்தா வெயிலு மண்டையில ஏறுறதுக்கு முன்னாலயே ஆட்டம் முடிஞ்சிருக்கும். ஆட்டத்துல அவன் எங்க, நான் எங்க? அவன விட்டுட்டு என்னையப் போயி சோடி சேத்தீங்க. இன்னைக்குவரைக்கும் எனக்கு அது வெளங்கல.”

டீச்சர் காபியை ஆற்றிக் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

“செல்வின் நான் என்ன சொன்னாலும் கேப்பான் அண்ணாச்சி.”